எஞ்சின் ஓடுகிற அன்றைக்கு

கயிற்றை இழுத்து இழுத்துப் பிச்சைமணிக்குத் தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது. எஞ்சின் மட்டும் அசரவில்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு ‘புஸ்’. அதற்கு மேல் ஒரு சத்தம் கூடுதலாகத் தருவதாக இல்லை.

“ஓடு. ஓடித் தொலை. உனக்கு நான் என்ன குறை வெச்சேன்?” என்றார்.

மட்டாஞ்சேரியில், பஜார் ரோட்டுக்குப் பின்னால், ஒன்றோடொன்று முதுகு உரசி நிற்கிற லைன் வீடுகளில் ஒன்று அவருடையது. பக்கத்து வீட்டுக்கும் பொதுவான முற்றத்தில் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம். அதன் விளிம்பில் ஒரு பலகையைக் கட்டி, பலகையில் எஞ்சினை மாட்டி, விசிறி தண்ணீருக்குள் முங்கும்படி இறக்கி வைத்திருந்தார். வள்ளத்தின் பின்னால் தொங்கவிடுகிற மண்ணெண்ணெய் எஞ்சின். ஜப்பான்காரன் செய்தது. அவருடைய மகள் மகா பிறப்பதற்கு முன்னாலேயே கப்பலேறி வந்தது. கம்பெனி பேர் எழுதியிருந்த இடத்தில் இப்போது துரு எழுதியிருந்தது.

கார்ப்பரேஷனில் குப்பை வண்டி தள்ளி ஓய்வு பெற்ற மனுஷனுக்கு வள்ளத்து எஞ்சின் எதற்கு என்று தெருவே கேட்டது. கேட்கிறவனெல்லாம் எஞ்சினைத் தட்டிக்கொண்டு போகத்தான் கேட்கிறான் என்பது அவர் எண்ணம்.

பிச்சைமணி யாரையும் நம்புகிற ஜாதி இல்லை. மீன்காரன் மீனின் கண்ணைக் காட்டினால் இவர் செவுளைப் பார்ப்பார். செவுளைக் காட்டினால் வாலைத் தூக்கிப் பார்ப்பார். மழை வரும் என்று ரேடியோவில் சொன்னால் குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போவார். மகள் வாங்கிக் கொடுத்த செல்போனை அணைத்து அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்திருந்தார். ஆன் பண்ணினால் பாங்கில் கிடப்பதை எவனாவது உருவிவிடுவானாம். இந்த உலகத்தில் அவர் முகர்ந்து பார்க்காமல் குடிப்பது ஒன்றே ஒன்று. அது அவர் மனைவி சீனியம்மாள் போடுகிற சாயா.

அந்தச் சீனியம்மாள்தான் இப்போது வீட்டில் இல்லை.

காரணம் அந்த டிரம். மட்டாஞ்சேரியில் குழாயில் தண்ணீர் வருவதே ஒரு திருவிழா. வந்த அன்றைக்கு அவள் விடியுமுன் எழுந்து, குடம் குடமாகத் தூக்கி, டிரம்மை வாய் வரை நிரப்பினாள். முகம் கழுவிவிட்டுத் திரும்பி வருவதற்குள் இவர் அதில் எஞ்சினை இறக்கிவிட்டார். குடிதண்ணீரின் மேல் மயில்கழுத்து நிறத்தில் எண்ணெய் வட்டம் போட்டது.

சீனியம்மாள் கத்தியிருந்தால் பரவாயில்லை. கத்தவில்லை. உள்ளே போய்க் கற்பூரம் கொண்டுவந்து, வாசலில் ஏற்றி, தெருவே பார்க்க உள்ளங்கையால் அதை அடித்து அணைத்தாள்.

“இந்த எஞ்சின் ஓடுற அன்னைக்குத்தான் இந்த வாசப்படிய மிதிப்பேன். இது மாரியாத்தா மேல சத்தியம்.”

பையைத் தூக்கிக்கொண்டு வைப்பினில் இருக்கிற மகாவின் வீட்டுக்குப் போய்விட்டாள்.

வாய்ச் சத்தியம் என்றால் ஒரு கிலோ அயிலை மீன் வாங்கிக்கொண்டு, போர்ட் கொச்சியில் ஜங்கார் படகு ஏறி, அக்கரைக்குப் போய்ச் சமாதானம் பேசிவிடலாம். கற்பூரத்தை அடித்துச் செய்த சத்தியத்துக்கு முன்னால் அயிலை செல்லாது. எஞ்சின் ஓடினால் வீட்டுக்காரி உண்டு. ஓடாவிட்டால் இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

அதற்குப் பிறகு பிச்சைமணி தானே சாயா போட்டுக் குடித்தார். அதையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார். பார்த்தது சரியாகத்தான் போயிற்று. குடிக்கிற மாதிரி இல்லை.

“மச்சான்.”

கேட்டைப் பிடித்துக்கொண்டு பாண்டியராஜன் நின்றான். சீனியம்மாளின் தம்பி. எறணாகுளம் பிராட்வேயில் காய்கறி வியாபாரம். கையில் ஒரு பை. பைக்கு வெளியே முருங்கைக்காய் தலை நீட்டியது.

பிச்சைமணி முருங்கைக்காயைச் சந்தேகமாகப் பார்த்தார். வியாபாரம் சூடாக நடக்கிற காலை நேரத்தில் கடையை விட்டுவிட்டு ஒருத்தன் படகேறி வருகிறான் என்றால் சும்மா வரமாட்டான். அக்காக்காரி வேவு பார்க்க அனுப்பியிருக்கிறாள்.

“எந்தா?”

“அக்கா ஒரு விஷயம் சொல்லச் சொல்லுச்சு மச்சான். அதாவது, இந்த எஞ்சின் வந்து...”

“ஓடுதா ஓடலையான்னு பாத்துட்டுப் போய்ச் சொல்லணும். அதான?”

“அட, இல்ல மச்சான். அக்கா என்ன சொல்லுதுன்னா...”

“அவ சொல்ல வேண்டியத அன்னைக்கே கற்பூரத்த அடிச்சுச் சொல்லிட்டா. தெருவே கேட்டுச்சு. அதுக்கு மேல உன் வாயால வேற கேக்கணுமா நான்? பைய வை. கயிறப் பிடி.”

“நானா?”

“பிராட்வேயில உருளக்கிழங்கு மூட்ட தூக்குற கைதான? இழு, பாப்போம்.”

“ஒரே ஒரு வார்த்த சொல்லிட்டு இழுக்கறேனே மச்சான்.”

“இழுத்துட்டுச் சொல்லு.”

பாண்டியராஜன் கைலியை மடித்துக் கட்டினான். சீக்கிரம் இழுத்தால் சீக்கிரம் சொல்லிவிடலாம் என்று நினைத்திருக்க வேண்டும். ஒரு காலை டிரம்மில் முட்டுக்கொடுத்து, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி இழுத்தான்.

எஞ்சின் புஸ் என்றது. கயிறு டப் என்றது.

அறுந்த கயிற்றின் பிடியைக் கையில் பிடித்தபடியே பாண்டியராஜன் பின்னால் போனான். பின்னால், பக்கத்து வீட்டு நீலாம்பாள் வெயிலில் கருவாடு காயப்போட்டிருந்தாள். அதன் மேல் மல்லாந்தான்.

“கயித்த அறுத்துட்டு வான்னுதான் உங்கக்கா அனுப்பிச்சாளாடா?” என்றார் பிச்சைமணி.

“மச்சான், நீங்கதான இழுக்கச் சொன்னீங்க!”

“இழுக்கச் சொன்னேன். அறுக்கச் சொன்னனா?”

பாண்டியராஜன் எழுந்து தன் சட்டையை முகர்ந்து பார்த்தான். முகம் கோணிற்று. “இந்த வாடையோட கடையில நின்னா எங்கிட்ட எவன் கத்தரிக்கா வாங்குவான்? நான் போய்க் குளிச்சிட்டு வரேன். வந்து சொல்றேன். தயவுசெஞ்சு அப்பவாவது கேளுங்க.”

“உங்கக்காகிட்டச் சொல்லு. ஓடும்னு சொல்லு. இன்னைக்கே ஓடும்!”

ஓடுவதற்குக் கயிறு வேண்டும். பிச்சைமணி சுற்றிலும் பார்த்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் நீலாம்பாளின் துணிக்கொடி. நல்ல நைலான் கயிறு. துணிகளை மரியாதையாக எடுத்து மதில் மேல் போட்டுவிட்டுக் கயிற்றை அவிழ்த்தார். எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த சக்கரத்தில் கயிற்றைச் சுற்றினார். முன்னைவிட உறுதி. திருப்தியாக இருந்தது.

அந்தத் திருப்தி நீலாம்பாள் வரும் வரைக்கும்தான்.

அவள் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டே வந்தாள். “ஆங், இங்கதான் நிக்காரு. இந்தா குடுக்கேன்.” போனை நீட்டினாள். “அண்ணே, அக்கா லைன்ல இருக்கா.”

பிச்சைமணி இரண்டடி பின்னால் போனார். “அத அந்தாண்ட கொண்டு போ.”

“சீனியக்காதான் அண்ணே.”

“சீனியக்கா மாதிரியே பேசுவான். இப்ப அப்படித்தான் எல்லாத்தையும் உருவுறானுங்க. ரேடியோவுல சொன்னான்.”

“ரேடியோவுல சொன்னா நீங்கதான் நம்ப மாட்டீங்களே!”

“இத நம்பறேன்.”

“அண்ணே, அவ உங்ககிட்டக் கேக்குறது ஒரே ஒரு வார்த்த...”

“கொடிக்கயிறுதான? நாளைக்குத் தரேன்.”

“கயிறு கெடக்கட்டும் அண்ணே!”

பிச்சைமணிக்கு அங்கேதான் சந்தேகம் வலுத்தது. துணியெல்லாம் மதிலில் கிடக்கும்போது கயிறு கிடக்கட்டும் என்று சொல்கிற நீலாம்பாளை இத்தனை வருஷத்தில் அவர் கண்டதில்லை. எதையோ மனதில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அப்படிப்பட்டவளைச் சும்மா நிற்கவிடக்கூடாது.

“ஒரு கை குடு. ப்ளக்குல நெருப்பு வருதான்னு பாக்கணும். நான் இழுப்பேன். நீ இத எஞ்சின் உடம்புல ஒட்டிப் பிடிச்சுக்க. நீலமாப் பொறி வரும்.”

“பிடிச்சா நான் சொல்றதக் கேப்பீங்களா?”

“பிடி மொதல்ல.”

நீலாம்பாள் ஒரு கையில் போனையும் மறு கையில் ப்ளக்கையும் பிடித்தாள். ரப்பரைப் பிடிக்க வேண்டும், இரும்பைப் பிடிக்கக்கூடாது. அதை அவர் சொல்லவில்லை. இவ்வளவு கூடவா தெரியாமல் இருக்கும் என்று நினைத்துவிட்டார். இழுத்தார்.

பொறி வந்தது. எஞ்சினுக்குப் போகவில்லை. நீலாம்பாளுக்குப் போயிற்று.

“எம்மாடியோவ்!”

போன் அவள் கையிலிருந்து துள்ளி, மேலே போய், வளைந்து, டிரம்முக்குள் விழுந்தது. தண்ணீருக்கடியில் சீனியம்மாளின் குரல் ஒரு ‘ஹலோ’வைக் குமிழியாக விட்டுவிட்டு அடங்கியது.

“பொறி இருக்கு,” என்றார் பிச்சைமணி.

“ஒரு நல்லது சொல்ல வந்தவளக் கரண்டு குடுத்துக் கொல்லப் பாத்தீங்களே!” நீலாம்பாள் கையை உதறிக்கொண்டு டிரம்முக்குள் போனைத் துழாவினாள். “அவ நல்லதுக்குத்தான் உங்கள விட்டுட்டுப் போயிருக்கா. என் போனுக்கு ஒரு வழி பண்ணாம உங்கள விடமாட்டேன், ஆமா!”

போனை எடுத்துப் போய் ஒரு தட்டு அரிசிக்குள் புதைத்து, வாசலில் வெயிலில் வைத்தாள். போனை அரிசியில் வைக்கலாம் என்று நான் எப்போதோ கண்டுபிடித்துவிட்டேனே என்று பிச்சைமணிக்குத் தோன்றியது.

பொறி இருக்கிறது. கிளப்புவதற்குப் பெட்ரோல் இருக்கிறது. அப்படியும் ஏன் ஓடவில்லை? அவர் படியில் உட்கார்ந்து எஞ்சினைப் பார்த்தார். எஞ்சின் அவரைப் பார்த்தது. வீட்டுக்குள்ளிருந்து, “அங்க என்ன யோசன, வந்து சோறத் தின்னுங்க,” என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் “வரேன் போ” என்று எரிந்து விழுந்திருக்கலாம். எரிந்து விழக்கூட ஆள் இல்லாத வீடு என்ன வீடு.

“பிச்சைமணி சேட்டன் வீடு இதானோ?”

ஒரு வாலிபன். சட்டையில் எண்ணெய்க் கறை. கைலியில் எண்ணெய்க் கறை. முன்னங்கையில் சூடு பட்ட பழைய தழும்புகள்.

“நீ யாரு?”

“என் பேரு ரதீஷ். ஒரு சேச்சி சொல்லி விட்டது. ஒரு காரியம் சொல்லிட்டுப் போலாம்னு...”

பிச்சைமணி அவன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். விரல் இடுக்கிலெல்லாம் எண்ணெய். அவருக்குப் புரிந்துவிட்டது. நீலாம்பாள் மெக்கானிக்கை அனுப்பியிருக்கிறாள். எஞ்சின் சரியானால்தான் அவள் முற்றத்துக்கு விமோசனம். இருந்தாலும், கூப்பிடாமல் வருகிற மெக்கானிக்கை இந்த ஊரில் யார் கண்டது?

மெக்கானிக்குகளைப் பற்றி அவருக்கு ஒரு முடிவான கருத்து உண்டு. பாதி கழற்றிப் போட்டுவிட்டு, ‘ஒரு வாஷர் வாங்கிட்டு வரேன்’ என்று போகிறவன் அப்புறம் ஓணத்துக்குத்தான் திரும்பி வருவான். அவனை உள்ளே இழுத்துவிட்டுக் கேட்டைப் பூட்டினார். சாவியை மடியில் செருகினார்.

“எதுக்கு சேட்டா கேட் பூட்டறது?”

“நீ வாஷர் வாங்கப் போவேல்ல, அதுக்கு.”

“எனக்கு வாஷர் வேண்டாம்!”

“எல்லாப் பயலும் மொதல்ல அப்படித்தான் சொல்வான். ஸ்பானர் இந்தா.”

“சேட்டா, நான் வந்தது வேற ஒரு காரியத்துக்கு. சாயங்காலம் எனக்கு வேலைக்குக் கேறணும்.”

“இதுதான் வேல. கார்ப்பரேட்டரக் கழட்டு.”

ரதீஷ் பூட்டிய கேட்டைப் பார்த்தான். ஸ்பானரைப் பார்த்தான். எஞ்சினைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, “அது இதுல எவிடயாணு?” என்று கேட்டான்.

பிச்சைமணி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். ஆழம் பார்க்கிறான். கார்ப்பரேட்டர் எங்கே என்று தெரியாத மெக்கானிக் உண்டா? கிழவனுக்கு ஒன்றும் தெரியாது என்று வைத்துக்கொண்டு நாலு சாமானைக் கழற்றி மடியில் போட்டுக்கொள்ளலாம் என்று பார்க்கிறான். நான் யாரென்று காட்டுகிறேன்.

“இதோ, இதான் கார்ப்பரேட்டர். இது பெட்ரோல் வர்ற குழா. இது மண்ணெண்ணெ வர்ற குழா. பெட்ரோல்ல கிளப்பணும். சூடானப்புறம் மண்ணெண்ணெக்கு மாத்தணும். நிறுத்தறதுக்கு முன்னாடி திரும்பப் பெட்ரோலுக்கு வரணும். தெரியும்ல?”

“இப்ப தெரிஞ்சு.”

“நடிக்காத. அந்த ஸ்க்ரூவ எடு.”

ரதீஷ் எடுத்தான். அவர் சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் எடுத்தான். கார்ப்பரேட்டரின் அடிக்கிண்ணத்தைத் திறந்ததும் பழைய மண்ணெண்ணெய் வழிந்தது. முன்னால் வைத்திருந்தவன் எவனோ பெட்ரோலுக்கு மாற்றாமலே நிறுத்தியிருக்கிறான். குளிர்ந்து கிடக்கிற எஞ்சின் மண்ணெண்ணெயில் எப்படிக் கிளம்பும்?

“பாத்தியா!” பிச்சைமணி துள்ளினார். “எனக்குத் தெரியும்னு இப்ப உனக்குத் தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சு சேட்டா. சந்தோஷம். இனி நான் வந்த காரியத்த...”

“தொடச்சுத் திரும்ப மாட்டு.”

பையன் கார்ப்பரேட்டரைக் கையில் வைத்துத் தட்டினான், உருட்டினான், எண்ணெய் தடவினான், மறுபடி தட்டினான். தட்டுகிறதில் ஒரு தாளம் இருந்தது. இப்படி வேலை செய்கிற மெக்கானிக்கைப் பிச்சைமணி பார்த்ததில்லை. புது முறையாக இருக்கும் என்று விட்டுவிட்டார். எல்லாம் மாட்டி முடித்தபோது தரையில் ஒரு ஸ்க்ரூவும் ஒரு குட்டி ஸ்பிரிங்கும் மிச்சம் கிடந்தன.

“இது என்ன?”

“அது எக்ஸ்ட்ரா ஆயிருக்கும்.”

“எக்ஸ்ட்ராவா? கேக்காம எக்ஸ்ட்ரா ஊத்த இது என்ன சால்னாவாடா?”

ரதீஷ் ஏனோ தலையைக் குனிந்துகொண்டான்.

ஸ்க்ரூ ஓர் ஓட்டையில் பொருந்தியது. ஸ்பிரிங்கிற்கு இடம் கிடைக்கவில்லை. ஒரு ஸ்பிரிங்கினால் என்ன ஆகிவிடும் என்று பிச்சைமணி நைலான் கயிற்றைச் சுற்றி ஓங்கி இழுத்தார்.

டம்!

புஸ் இல்லை. வெடி. எஞ்சின் பலகையோடு ஒரு குதி குதித்தது. டிரம் சாய்ந்தது. சாய்ந்த வேகத்தில் அடியிலிருந்து வாய் வரைக்கும் பிளந்தது. இருந்த தண்ணீர் முழுவதும் எண்ணெயும் நுரையுமாகப் புரண்டு நீலாம்பாளின் வாசலுக்குப் போயிற்று. அவள் வெயிலில் வைத்திருந்த தட்டு மிதந்தது. காய்ந்துகொண்டிருந்த போன் அரிசியோடு சேர்ந்து மறுபடியும் குளித்தது.

“அய்யோ, என் போனு! இதக் கேக்க இந்தத் தெருவுல ஒரு நாதியில்லையா?”

பிச்சைமணி அவளைக் கவனிக்கவில்லை. வெடித்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். “டிரம் போச்சு. இனி நேரா படகுக் கடவுக்குப் போறோம். மீன் பிடிக்கிற சஜியோட வள்ளம் சும்மாதான் கெடக்கு. தூக்கு.”

கேட்டைத் திறந்தால் எதிரே பாண்டியராஜன். குளித்து, பவுடர் போட்டு, வேறு சட்டையில் நின்றான்.

“மச்சான், போன் பாதியில நின்னு போச்சாம், அக்கா பயந்து போய்க் கெடக்கு. இப்பவாவது நான் சொல்றத...”

“நல்ல நேரத்துல வந்த. பின்பக்கம் தூக்கு.”

முன்னால் ரதீஷ், பின்னால் பாண்டியராஜன், நடுவில் எஞ்சின். மெக்கானிக்கின் தோளில் எஞ்சினை ஏற்றிவிட்டால் எங்கே ஓடுவான்? மண்ணெண்ணெய் கேனோடு பிச்சைமணி கூடவே நடந்தார். கடைசியில், நனைந்த போனை முந்தானையில் முடிந்துகொண்டு, திட்டிக்கொண்டே நீலாம்பாள்.

மிளகாய்க் கிடங்கு திரும்புகிற இடத்தில் முன்னால் போனவனும் பின்னால் போனவனும் தாழ்ந்த குரலில் பேசுவது காதில் விழுந்தது.

“நீங்களும் அதுக்குத்தான் வந்தீங்களா தம்பி?”

“அதே.”

“சொல்லியாச்சா?”

“எவிடே! கேட் பூட்டியாச்சு.”

“அங்க என்ன குசுகுசுன்னு?” பிச்சைமணி நடுவில் புகுந்தார். “ரெண்டு பேரும் சேந்து எஞ்சினக் கை மாத்தப் பாக்கறீங்களா? எனக்குக் காது நல்லாக் கேக்கும்.”

இரண்டு பேரும் எஞ்சினைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தார்கள்.

கடவில் நீரேற்ற நேரம். தண்ணீர் கல்படி வரை வந்து நக்கிக்கொண்டிருந்தது. சஜியின் பழைய ஃபைபர் வள்ளத்தின் பின்பலகையில் எஞ்சினை மாட்டினார்கள். பலகையைக் கவ்விப் பிடிக்க இரண்டு திருகுகள் உண்டு. இரண்டையும் ரதீஷ் முறுக்கினான். மாவு பிசைந்து பழகிய மாதிரி நல்ல பிடியுள்ள கை. ஆனால் அவன் முறுக்கியதைப் பிச்சைமணி நம்புவாரா? இரண்டையும் தளர்த்திவிட்டுத் தன் கையால் மறுபடி முறுக்க ஆரம்பித்தார். ஒன்றை முறுக்கி முடித்து, அடுத்ததில் கை வைத்தபோது, கரையிலிருந்து நீலாம்பாள் கத்தினாள்.

“அண்ணே, என் கொடிக்கயிறயும் போனயும் வெச்சிட்டு எங்க வேணாலும் போங்க!”

“ஊர விட்டா ஓடறேன்? திரும்பி வரமாட்டேன்னு நெனச்சியா?” அவர் எழுந்து நின்று அவளுக்குப் பதில் சொன்னார். பதில் கொஞ்சம் நீண்டுவிட்டது. திரும்பி உட்கார்ந்தபோது இரண்டு திருகும் முறுக்கியாயிற்று என்று நினைத்துக்கொண்டார்.

“சேட்டா, எஞ்சின வள்ளத்தோட ஒரு கயிறு வெச்சுக் கெட்டண்டே? மீன்காரங்க அப்படித்தான் செய்யறது பாத்திருக்கேன்.”

“கயித்துக்கு எங்க போறது? அதத்தான ஸ்டார்ட்டருக்குச் சுத்தியிருக்கு.” ஒரு மெக்கானிக் சொல்கிற யோசனையா இது? நேரம் கடத்தப் பார்க்கிறான்.

பிச்சைமணி அக்கரைப் பக்கம் பார்த்தார். இந்தத் தண்ணீரில் வடக்கே போய், போர்ட் கொச்சியைத் தாண்டித் திரும்பினால் வைப்பின். மகா வீட்டுக்குப் பின்னாலேயே கடவு. எஞ்சின் சத்தம் கேட்டு சீனியம்மாள் வாசலுக்கு வருவாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே வருவாள்.

நைலான் கயிற்றைச் சுற்றினார். கண்ணை மூடினார். யாரையும் நம்பாத மனுஷன் மாரியாத்தாளை ஒரு தடவை மனதுக்குள் கூப்பிட்டுவிட்டு இழுத்தார்.

எஞ்சின் ஓடியது.

புஸ் இல்லை, வெடி இல்லை. தடதடவென்று, நடுநெஞ்சில் அறைகிற மாதிரி, மகா பிறப்பதற்கு முன்னால் அது எப்படி ஓடியிருக்குமோ அப்படி ஓடியது. நீலப் புகை கடவை மூடியது. மூங்கில் கழியில் உட்கார்ந்திருந்த நீர்க்காகங்கள் பறந்தன. பாண்டியராஜன் விசிலடித்தான். நீலாம்பாள் போனை மறந்து கைதட்டினாள். ரதீஷ் வாயைத் திறந்தபடி தன் கையைத் தானே பார்த்துக்கொண்டான்.

“ஓடுது! ஓடுதுடா!” பிச்சைமணி சிரித்தார். அவர் சிரித்து அந்தத் தெரு பார்த்ததில்லை.

சூடாகட்டும் என்று கொஞ்சம் விட்டு, மண்ணெண்ணெய்க்கு மாற்றினார். எஞ்சின் இருமிவிட்டு இன்னும் ஓங்கி ஓடியது. கியரைப் போட்டார். வேகத்தைத் திருகினார்.

வள்ளம் கரையில் கட்டிக் கிடந்தது. அதை அவிழ்க்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை. வள்ளம் போகவில்லை. எஞ்சின் போக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டது. முறுக்காத திருகு உதிர்ந்தது. முறுக்கிய திருகு ஒற்றைக் காலில் சுழன்றது. எஞ்சின் பலகையிலிருந்து மெதுவாக எழுந்து, போய்வரட்டுமா என்று கேட்கிற மாதிரி பிச்சைமணியின் பக்கம் ஒரு தரம் திரும்பி, ஓட்டம் குறையாமல் அப்படியே தண்ணீருக்குள் பாய்ந்தது. அதன் பின்னாலேயே கொடிக்கயிறும் போயிற்று.

கொஞ்ச நேரம் குமிழி வந்தது. அப்புறம் அதுவும் வரவில்லை.

பிச்சைமணி வள்ளத்தின் நடுப்பலகையில் உட்கார்ந்தார். கையில் ஒன்றுமில்லை. இவ்வளவு நாளும் பிறர் தட்டிக்கொண்டு போவார்கள் என்று காவல் காத்த எஞ்சின், அவர் கண்முன்னால் தானே போயிருக்கிறது.

“போச்சு,” என்றார்.

“மச்சான், அதான் ஓடுச்சுல்ல? நாங்கதான் பாத்தோமே,” என்றான் பாண்டியராஜன்.

“பாத்து? எவனாவது எங்கிட்ட வந்து, என் எஞ்சின் ஓடுச்சு, ஓடின கையோட தண்ணிக்குள்ள குதிச்சிருச்சுன்னு சொன்னா நான் நம்புவனா? செருப்பால அடிப்பேன். எங்க, அந்த எஞ்சினக் காட்டுன்னு அவ கேப்பா. நான் எதக் காட்டறது? இந்தத் தண்ணியவா?” குமிழி அடங்கிய இடத்தைக் கை நீட்டிக் காட்டினார். “அவ வரமாட்டா. இனி வரமாட்டா.”

நீலாம்பாள் வந்து கல்படியில் உட்கார்ந்தாள்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரதீஷைப் பார்த்தார். யார் மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது. “நீயும் உன் மெக்கானிக் வேலையும். போடா.”

“நான் மெக்கானிக் அல்ல சேட்டா.”

“பின்ன?”

“வைப்பின்ல பொரோட்டா அடிக்கற ஆளு. மகாசேச்சி வீட்டுக்கு எதிர்லதான் எங்க ஹோட்டல்.”

பிச்சைமணி அவன் சட்டையிலிருந்த எண்ணெயைப் பார்த்தார். கையிலிருந்த தழும்பைப் பார்த்தார். கல்லுச் சூடு.

“அப்ப எதுக்குடா கார்ப்பரேட்டரக் கழட்டின?”

“கேட் பூட்டியிருந்துச்சு.”

“எதுக்குடா என் வீட்டுக்கு வந்த?”

ரதீஷ் பாண்டியராஜனைப் பார்த்தான். பாண்டியராஜன் நீலாம்பாளைப் பார்த்தான்.

“நீயே சொல்லுப்பா,” என்றான் பாண்டியராஜன். “எங்க ரெண்டு பேரையும்தான் அவர் வாயத் தொறக்கவே விடலையே.”

ரதீஷ் கல்படியில் ஒரு படி கீழே இறங்கி, வள்ளத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான்.

“சீனிசேச்சி சொல்லி விட்டது ஒரே ஒரு காரியம்தான் சேட்டா: ‘எஞ்சின் ஓடுச்சுன்னு அவரு வாயால ஒரு வார்த்த வந்தா போதும், ஓடுச்சா இல்லையான்னு நான் கேக்க மாட்டேன், நம்பிட்டு வந்துடறேன்.’”